பவழமல்லி எக்குடும்பம்?

பவழமல்லியை அறியாத தமிழர் அரியர். அந்தி சாய்ந்தபின் மலர்ந்து, விடியற்காலையில் தானே உதிரும் பூ அது. வெள்ளிதழ்களின் நடுவே செம்மஞ்சள் நிறக் குழல் ஒன்று உண்டு. அதிலிருந்து எடுத்த சாயத்தால் முன்னோர் பட்டுக்கு நிறமேற்றினர். இந்தியாவின் உலர்ந்த குன்றுக் காடுகளில் தானே வளரும் இச்சிறு மரம், சீர்காழியிலும் திருக்களரிலும் தலமரமாகப் போற்றப்படுகிறது. மலாய்க்காரர் இதனைச் 'செரி காடிங்' என்பர்.

இது மல்லிகைக்கு உண்மையில் உறவா? அன்றிப் பெயரளவில்தான் மல்லியா? அறிஞரிடையே இவ்வினா நெடுங்காலம் நிலவியது.

1753-இல் லின்னேயஸ், பூவிலுள்ள மகரந்தத் தாள்களை எண்ணிச் செடிகளை வகுத்தார். பவழமல்லிக்கு இரண்டு, மல்லிகைக்கு இரண்டு, ஒலிவ மரத்திற்கும் இரண்டே. ஆகவே மூன்றும் ஒரே வகுப்பில் அடங்கின. அதுமட்டுமன்று, பவழமல்லிக்கும் மல்லிகைக்கும் 'நிக்டாந்தஸ்' (இரவுமலர்) என ஒரே இனப்பெயரையும் அவர் இட்டார். 1789-இல் மல்லிகை அவ்வினத்தினின்று பிரிக்கப்பட்டது.

1952-இல் இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்து அறிஞர் ஏரி ஷா, பவழமல்லியைத் தேக்கும் நொச்சியும் அன்று அடங்கியிருந்த குடும்பத்திற்கு மாற்றினார். அதன் நாற்கோணத் தண்டையும், எதிரெதிரே அமைந்த சொரசொரப்பான இலைகளையும் காண்போர்க்கு அவ்வெண்ணம் எழுதல் இயல்பே. ஆயினும் 2000-ஆம் ஆண்டில் வாலண்டர், ஆல்பர்ட் எனும் இருவர் மரபணுக் கூறுகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு, அதனை ஒலிவக் குடும்பத்தில் நிறுத்தியது. மல்லிகையும் முல்லையும் அக்குடும்பத்தினவே. மக்கள் இட்ட பெயர் உறவைச் சரியாகவே சுட்டியிருக்கிறது!

எனினும் பெயர் மட்டும் சான்றாகாது. கொத்தமல்லியும் 'மல்லி' எனவே வழங்கும். அதுவோ சீரகக் குடும்பம். ஆதலால் வழக்குப் பெயரை அறிவியலுக்கு ஒவ்வாததென்று தள்ளுவதும் தவறு; ஆராயாது ஏற்பதும் தவறு.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். உதிர்ந்த பவழமல்லி ஒன்றும், அடுக்கில்லாத முல்லை ஒன்றும் போதும். இரண்டின் குழலையும் ஊசியால் நீளவாக்கிற் கீறி, உள்ளிருக்கும் மகரந்தப் பைகளை எண்ணச் சொல்லுக. இரண்டிலும் இரண்டிரண்டே இருக்கக் காண்பர். ஒரு பெயரை மனப்பாடம் செய்வதற்கும், அதனைச் சோதித்து அறிவதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் அன்றே உணர்வர்.