அலையாத்திக் காடு: மீன் குஞ்சுகளின் தொட்டில்

கடலில் பிடிபடும் மீன் கடலிலேயே வளர்ந்தது என எண்ணுவது இயல்பு. ஆயினும், மடவை, கொடுவா போன்ற மீன்கள் கடலில் முட்டையிட, அவற்றின் குஞ்சுகள் கழிமுகங்களையும் உப்பங்கழிகளையும் நாடி வந்து வளர்கின்றன. நெய்தல் நிலப் பாடல்களில் இடம்பெறும் 'கழி' என்பது இத்தகைய நீர்நிலையே ஆகும்.

முதல் உணவு

முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரி சில மில்லிமீட்டர் நீளமே உடையது. அதன் வயிற்றோடு ஒட்டியுள்ள கருவுணவுப் பையே அதற்குக் கட்டுச்சோறு. வெப்பமண்டலக் கடல்களில் அவ்வுணவு ஒருசில நாள்களில் தீர்ந்துவிடும். அதற்குள் தன் சிறுவாய்க்கு ஏற்ற இரையை அது கண்டடைய வேண்டும், இல்லையேல் மடியும். துடுப்புக்காலிகள் என்னும் மிதவை உயிரிகளின் இளம்பருவங்களே அதன் முதன்மையான இரை. ஆண்டுதோறும் மீன்வளம் கூடுவதும் குறைவதும் இப்பருவத்தில் பிழைக்கும் குஞ்சுகளைப் பொறுத்தவை என்னும் கருத்தை நார்வே நாட்டு அறிவியலாளர் யொஹான் யோர்ட் 1914இல் முன்வைத்தார்.

உணவும் அரணும்

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே பிச்சாவரம் அலையாத்திக் காடு அமைந்துள்ளது. அங்கு உதிரும் இலைகளைப் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் மட்கச் செய்கின்றன. அம்மட்கினை உண்டு சிற்றுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை உண்டு மீன் குஞ்சுகள் வளர்கின்றன. சுரபுன்னையின் தாங்குவேர்களுக்கும் வெண்கண்டலின் மூச்சுவேர்களுக்கும் இடையே பெரிய மீன்கள் எளிதில் நுழைய இயலாது. கலங்கிய நீரும் குஞ்சுகளை மறைத்துக் காக்கிறது.

நீந்தும் வலிமை குறைந்த குஞ்சுகள் இங்கு வந்து சேர்வது எவ்வாறு? பல இனங்களின் குஞ்சுகள் ஓதம் ஏறும்போது நீரின் மேற்பகுதிக்கு வந்து அதனோடு உள்ளே செல்கின்றன. ஓதம் வடியும்போது அடிப்பகுதிக்கு இறங்கித் தங்கிவிடுகின்றன.

காக்கும் கடமை

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. இது முட்டையிடும் மீன்களைக் காக்கிறது. ஆனால், காடு அழிந்தால், ஆற்றுநீர் வரத்துக் குறைந்து உவர்ப்பு மிகுந்தால், சிறுகண் வலைகளால் கழிகள் அரிக்கப்பட்டால், பிறந்த குஞ்சுகளுக்கு வளர இடமிராது. 2022ஆம் ஆண்டு பிச்சாவரம் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கழியில் இன்று பிழைக்கும் குஞ்சே நாளை கடலில் மீனவர் வலையை நிறைக்கும் மீன். ஆகவே, காட்டைக் காப்பது கடலைக் காப்பதாகும்.