தேயிலைக் கொப்புள நோய்

ஈழத்து மத்திய மலைநாட்டின் பொருள் வாழ்வு ஒரு செடியின் தளிரைப் பற்றியே நிற்கின்றது. தன் போக்கில் விட்டால் மரமாக ஓங்கக்கூடிய தேயிலையைக் கவ்வாத்து வெட்டி, இடுப்பளவு உயரத்தில் செடியாகவே நிறுத்தி, ஈரிலையும் ஒரு மொட்டுமாகிய கொழுந்தை நாம் கொய்கின்றோம். அக்கொழுந்தையே நாடும் பிறிதோர் உயிரும் உண்டு. அதுவே கொப்புள நோயை விளைக்கும் பங்கசு. நோயையும், அதன் முதலையும், அதனைத் தணிக்கும் வாயிலையும் முறையே ஆராய்ந்து செயற்படுக என்று மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்த நெறி செடிக்கும் பொருந்துமாதலின், அவ்வொழுங்கிலேயே இதனை ஈண்டு நோக்குவாம்.

மலைநாட்டுக்குப் பங்கசு புதிய பகையன்று. 1869 ஆம் ஆண்டிற் காணப்பட்ட இலைத்துரு நோய் இந்நாட்டுக் கோப்பிப் பயிர்ச்செய்கையை வீழ்த்தியது. 1867 இல் யேமிசு தெயிலர் லூல்கந்துரையிற் பயிரிட்ட தேயிலையே பின்னர் அவ்விடத்தை நிரப்பிற்று. கொப்புள நோயோ 1868 இல் அசாமில் அறியப்பட்டது. 1898 இல் மசீ என்னும் அறிஞர் அதன் பங்கசுக்கு எக்சோபசிடியம் வெக்சான்சு எனப் பெயரிட்டார். 'வெக்சான்சு' என்னும் இலத்தீன் சொல்லுக்குத் 'தொல்லை தருவது' என்பது பொருள். நெடுங்காலம் வடகிழக்கு இந்தியாவை அண்டியிருந்த இந்நோய் 1946 இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோன்றிற்று. கோப்பியின் கதியே தேயிலைக்கும் நேருமோ என்று அஞ்சுவதற்கு அன்று காரணம் இருந்தது.

இனி நோயின் குறிகளைக் காண்போம். முதலில் இளந்தளிரில் குண்டூசித் தலையளவான வெளிறிய புள்ளி ஒன்று தோன்றும். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அப்புள்ளி ஒளியூடு புலப்படும். அது வட்டமாக விரிந்து, மேற்புறம் பளபளப்பாகக் குழிந்து, கீழ்ப்புறம் கொப்புளமாகப் புடைக்கும். முதிர்ந்த கொப்புளத்தின்மேல் வெண்பட்டுப் போன்ற படலம் பரவும். அது வித்திகளின் விளைநிலம். ஈற்றில் அவ்விடம் கபில நிறமுற்றுக் கருகும். இளந்தண்டைப் பற்றினால் தண்டு வளைந்து ஒடிந்துவிடும். முற்றிய இலைகளிற் காணும் சாம்பல் நிற, கபில நிறக் கருகல்கள் வேறு நோய்கள். அவற்றை இதனோடு மயங்குதல் கூடாது. கொப்புள நோய் தளிரையன்றி முதிர்ந்த இலையைப் பற்றாது.

நோய்க்கு முதல் பங்கசேயாயினும் அதற்குத் துணை நிற்பது வானிலை. காற்றில் வரும் வித்தி முளைப்பதற்கு இலையின்மேல் நீர்ப்படலம் பல மணி நேரம் நிற்றல் வேண்டும். ஞாயிற்றின் வெயிலோ வித்தியைக் கொல்லும். ஆதலினாலேயே தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில், மூடுபனி நீங்காத அற்றன், டிக்கோயா, நுவரெலியாப் பகுதிகளில் நோய் மிகுகின்றது. வித்தி விழுந்து புதிய வித்திகள் தோன்றுதற்கு ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு வாரங்களே செல்லும். எனவே ஒரு மழைக்காலத்திற் பல தலைமுறைகள் பெருகிவிடும். வெயிலும் மழையும் இந்நோயைப் பாதிக்கும் முறையை விசர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகியோர் ஆராய்ந்து 1961 இல் வெளியிட்டனர். வெயில் நேரத்தைக் கணித்து மருந்து தெளிக்கும் நாளைத் துணியலாம் என்னும் கொள்கைக்கு அத்தகைய ஆய்வுகளே அடிப்படையாயின.

தணிக்கும் வாயில்கள் இருவகைய. முதலாவது, தோட்டத்தைச் செவ்வனே பேணுதல். மழைக்காலத்தின் முன் நிழல்மரங்களின் கிளைகளைக் கழித்து வெயிலும் காற்றும் புக விடுதல் வேண்டும். கவ்வாத்தின்பின் வரும் தளிர் மழையில் அகப்படாதவாறு வெட்டும் காலத்தைத் தெரிதல் வேண்டும். பறிப்புச் சுற்றைக் குறுக்கினால் கொப்புளம் முதிருமுன் தளிர் கூடைக்குள் வந்துவிடும். எதிர்ப்பாற்றலுள்ள செடியினங்களை நடுதலும் நன்று. இரண்டாவது, மருந்து. செப்பு ஒட்சிகுளோரைட்டு முதலிய செப்புச் சேர்வைகள் இலைமேற் படிந்து வித்தி முளைப்பதைத் தடுக்கும். அவை வருமுன் காப்பனவேயன்றி, உட்புகுந்த நோயைத் தீர்ப்பனவல்ல. ஆகவே கொழுந்து பறித்ததை அடுத்துத் தெளித்தலும், மழைக்காலத்தில் ஏழு முதற் பத்து நாளைக்கொருமுறை மீளத் தெளித்தலும் வேண்டப்படும். எக்சக்கொனசோல் போன்றவை இலையினுட் சென்று தொழிற்படுவன. எதனைக் கையாளினும் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் விதிக்கும் அளவையும், தெளித்தலுக்கும் பறித்தலுக்கும் இடையே விடவேண்டிய நாள்களையும் மீறலாகாது. அளவு மிஞ்சிய மருந்து தேநீர்க் கிண்ணம் வரை வந்து சேரும். தெளிப்பவர்க்குக் கையுறையும் முகக்கவசமும் கொடுப்பது உபகாரமன்று, கடமை.

2021 ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உரங்களினதும் பூச்சி, பங்கசு கொல்லிகளினதும் இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. மருந்தொன்றையே நம்பியிருப்பது எத்துணை நிலையற்றது என்பதை அது காட்டிற்று. மருந்தும் வேண்டும், மருந்தின் தேவையைக் குறைக்கும் பேணுதலும் வேண்டும். நாட்சம்பளம் பறித்த கொழுந்தின் நிறையோடு பிணைக்கப்பட்டிருக்கும் மலைநாட்டில், கருகும் ஒவ்வொரு தளிரும் ஒரு தொழிலாளியின் கூடையிற் குறையும் நிறையாம். எனவே கொப்புளத்தின் முதற் புள்ளியைக் கண்டறியும் அறிவு ஆராய்ச்சியாளரோடு அமையாது, நாள்தோறும் செடியைத் தொடும் கைகளுக்கும் உரியதாதல் வேண்டும். தோட்டப் பாடசாலைகளிலிருந்து கல்லூரிக்கு வரும் நம் மாணவர் அவ்வறிவைத் தம் ஊருக்கு மீளக் கொண்டு செல்வாராயின், கற்ற தாவரவியல் பயனுடையதாகும்.