இருட்டில் இரண்டு பார்வை

பெங்களூரு ஜோகுபாளையத்திலிருந்து பழைய மெட்ராஸ் ரோட்டில் ஏறினால் கே.ஆர். புரம், ஹொசகோட்டை, கோலார் என்று சாலை சென்னை வரை ஓடுகிறது. 1905-லேயே மின் தெருவிளக்கு ஏற்றிய ஊர் பெங்களூரு. அந்த வெளிச்சம் பின்தங்கியதும் வண்டியின் வேகம் குறைய வேண்டும். சாலை காலியாக இருப்பதால் பலருக்குக் கூடத்தான் செய்கிறது.

இதற்கு 1977-ல் லீபோவிட்ஸ், ஓவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் அருமையான விளக்கம் தந்தார்கள். நமக்குள் இரண்டு பார்வைகள் வேலை செய்கின்றன. ஒன்று வழி பார்ப்பது: சாலையின் ஓரம், வளைவு, நம் வண்டியின் நகர்வு. மங்கலிலும் அது அதிகம் சோர்வதில்லை. மற்றொன்று எதிரே இருப்பது ஆளா, மாடா, நின்றுபோன டிராக்டரா என்று இனம் காண்பது. விழித்திரை நடுவிலுள்ள கூம்புச் செல்களை நம்பிய இந்தப் பார்வை, வெளிச்சம் குறைந்தால் சட்டென்று சரிந்துவிடும். ஸ்டியரிங் கைக்கு அடங்குவதால், எல்லாமே தெரிவதாக மனம் நம்பிவிடுகிறது. அனுபவசாலி ஓட்டுநரும் இதற்கு விலக்கல்ல.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 22 மீட்டர். ஆளைக் கண்டு பிரேக் மிதிக்க ஒன்றரை நொடி ஆனால் 33 மீட்டர் போய்விடும். காய்ந்த தார்ச்சாலையில் வண்டி நிற்க மேலும் 36 மீட்டர் ஆகும். மொத்தம் 70 மீட்டருக்குப் பக்கம். கறுப்புச் சட்டைக்காரர் டிம் லைட்டில் அவ்வளவு தூரத்தில் தெரியமாட்டார். 60-ல் போனால் 45 மீட்டர் போதும்.

எதிர் லாரி பிரைட் போட்டு வந்தால் விழிக்குள்ளேயே ஒளி சிதறி வெள்ளைத் திரை விழுகிறது. வயது ஏற ஏற இது கூடும். அப்போது இடது ஓரக் கோட்டைப் பார்த்து, வேகத்தைக் குறைப்பதுதான் வழி. வண்டி முன்கண்ணாடியின் உட்புற அழுக்கும் இதே திரையைப் போடும்.

நடப்பவருக்கும் ஒரு வழி உண்டு. இருட்டில் அசையும் சில ஒளிப்புள்ளிகளை வைத்தே நம் மூளை மனித நடையை அறிந்துவிடும். 1973-ல் ஸ்வீடன் உளவியலாளர் யோஹான்சன் காட்டியது இது. அதனால் மார்பில் மட்டும் மின்னும் ஜாக்கெட்டைவிட, முழங்காலிலும் கணுக்காலிலும் கட்டிய ஒளிதிருப்பும் பட்டை ஆளை வெகுதூரத்திலேயே காட்டிக்கொடுக்கிறது. விடியுமுன் தெரு பெருக்க வரும் பௌரகார்மிகர்களுக்கு ஜாக்கெட்டுடன் கால்பட்டையும் கொடுக்க வேண்டும்.