விண்ணப்பமும் ஓவியமும்

சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி, 1850-இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் நிறுவிய ஓவியப் பள்ளியினின்று வளர்ந்தது. இத்தகைய கல்லூரிகளில் சேர மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. கண்ணும் கையும் பெற்ற பயிற்சியை அது காட்டாது. ஆதலின், சில கல்லூரிகள் மாணவரை நேரில் வரையச் செய்யும். சில, முன்னரே வரைந்தவற்றை விண்ணப்பத்துடன் கேட்கும்.

மாணவர்களே, அனுப்பும் படங்கள் சிலவாயினும் சொந்தமாக இருத்தல் வேண்டும். நாட்காட்டிப் படத்தைப் பார்த்து எழுதியது பிறர் கண்டதையே காட்டும். பல்லாவரத்துக் குன்றின் எதிரே அமர்ந்து, பாறைமேல் வெயிலும் நிழலும் மாறுவதை நோக்கி வரைந்ததோ, கோடு சற்றுக் கோணினும், வரைந்தவர் கண்டதைக் காட்டும். பிறர் வரைந்ததைத் தமதென அனுப்புவோர் இடம் பெறினும், வகுப்பில் தூரிகை ஏந்தும் நாளில் அவர் கையே அவரைக் காட்டிக்கொடுக்கும்.