வயதின் தலையில் கட்டப்படும் வருத்தங்கள்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் முதியோரின் வருத்தங்களுக்கு வீட்டில் கிடைக்கும் முதல் மருந்து, "வயது போனால் அப்படித்தான்" என்ற பேச்சு. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்ததோடு அத்துறையில் பாதைப் படகுக்குக் காத்திருந்த காலம் முடிந்தது; பிந்தி வருவது மட்டும் முடியவில்லை. கால் விறைத்து, புண் கறுத்து, மணக்கத் தொடங்கிய பிறகே வைத்தியசாலை நினைவுக்கு வருகிறது.

குளிசைப் பயமும் குளிசை மோகமும்

பிரஷர் குளிசை கிட்னியைப் பழுதாக்கும் என்று நிறுத்திவிடுவோர் பலர். உண்மை நேர்மாறு: கட்டுப்படாத அழுத்தமும் சீனியும்தான் சிறுநீரகத்தைத் தின்கின்றன. அதே ஆள் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனக்கைப் பாமசியில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவார். சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுப்பது அது. அயலவரின் சீனிக் குளிசையைக் கடன் வாங்குவதும் நடக்கிறது. பெயர் அழிந்த குளிசை அட்டைத் துண்டுகள் ஒரே சொப்பின் பையில் கலந்து கிடக்க, எது காலை, எது இரவு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பாகற்காயும் குறிஞ்சாவும் நல்ல கறிகள். சீனிக் குளிசைக்கு மாற்று அல்ல. விரதமோ நோன்போ பிடிப்பவர் கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டுக் குளிசை அளவை மாற்றாவிட்டால், சீனி இறங்கி மயங்கி விழ நேரும். சீனி வருத்தத்தால் விறைத்த காலுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் வேண்டவே வேண்டாம். சூடு தெரியாத கால் வெந்துபோகும்.

அறளையா, அவசரமா?

நேற்றுவரை ஒழுங்காகக் கதைத்தவர் இன்று ஆள் தெரியாமல் பிதற்றினால் அதை அறளை என்று விட்டுவிடக்கூடாது. சலக் கிருமி, சோடியக் குறைவு, சீனி இறக்கம், புதிதாகத் தொடங்கிய குளிசை என்று காரணம் இருக்கும், பெரும்பாலும் திருத்தக்கூடியது. மெல்ல மெல்லக் கூடும் மறதி வேறு. அதையும் காட்டத்தான் வேண்டும்.

வாய் கோணி, ஒரு பக்கக் கை விழுந்தால் பாரிசவாதம். எண்ணெய் தேய்த்துப் பார்க்க அங்கே நேரமில்லை. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொருந்துவோருக்கும் அதை நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றியாக வேண்டும். வாயில் எதையும் ஊற்றாமல் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழைப்பதே வழி.

சொல்லப்படாத மனவருத்தம்

போரிலும் 2004 டிசம்பர் 26 கடல்கோளிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். மகள் மத்திய கிழக்கில் இருக்க, பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அம்மம்மாக்களும் உம்மம்மாக்களும் உண்டு. மனம் சரியில்லை என்று இவர்கள் சொல்வதில்லை. மேல் உளைவு, நித்திரையில்லை, சோறு இறங்கவில்லை என்பார்கள், விற்றமின் ஊசி கேட்பார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திக்குத் தவறாதவர் இம்முறை படலையைத் தாண்டவில்லை என்றால் வீட்டார் காரணம் தேட வேண்டும். அது காது கேளாமையாகவும் இருக்கலாம். மனச்சோர்வு என்றால் சிகிச்சை உண்டு. 1926 தேசிய உளநல உதவி இலக்கம்.

விழாமல் இருக்க

மார்கழி மழையில் பாசி பிடித்த முற்றம், இரவில் மலசலகூடத்துக்கு இருட்டில் நடை: இடுப்பெலும்பு முறிவது இப்படித்தான். ஒரு மின்குமிழ், ஒரு கைபிடி. பிள்ளைகள் அதையாவது செய்து கொடுக்கட்டும். நாளாந்த நடையும், கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும் பயிற்சியும் கால் தசையைக் காக்கும். சோற்றைக் குறைத்து மீன், பருப்பு, முட்டையைக் கூட்டலாம். கருவாடு குறையட்டும், வெற்றிலையோடு போடும் புகையிலையை இன்றே விட வேண்டும்.

அழுத்தம், சீனி, கிரியேட்டினின், பார்வை ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். கிளினிக் கொப்பியோடு குளிசைகள் கிடக்கும் அந்தச் சொப்பின் பையையும் அப்படியே கொண்டுவருவது நல்லது.