வகுப்பின் அமைதியான பிள்ளை

"கொப்பியை மூடுங்க, பென்சிலை வைங்க, மறுகா வரிசையா வாங்க." டீச்சர் சொன்னதும் மட்டக்களப்புக் கல்லடியின் தரம் 2 வகுப்பொன்று எழுந்துவிடுகிறது. ஒரு பிள்ளை மட்டும் பக்கத்து மேசையைப் பார்த்து, அங்கே கொப்பி மூடிய பிறகுதான் தன்னுடையதை மூடுகிறது. குழப்படி இல்லை, பேச்சில் திக்கலும் இல்லை. அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை.

திக்கும் பிள்ளையை எவரும் கண்டுகொள்வர். சொல்வதை விளங்கிக்கொள்ளத் திணறும் பிள்ளைதான் தப்பிவிடுகிறது. 'கவனமில்லை' என்ற பேரும் வாங்குகிறது. இந்தத் திணறல் வளர்ச்சிசார் மொழிக் கோளாறாக இருக்கலாம். இங்கிலாந்தின் சரே பகுதியில் 4, 5 வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 7 பேருக்கு மேல் இது இருந்தது. 30 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர்!

கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பார்த்துச் செய்ய ஆளில்லாத நேரத்தில், வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லுங்கள்: "புத்தகத்தை யன்னலடியில வச்சிட்டு, சிவப்புப் பென்சிலை எடுத்துட்டு வா." பாதி மட்டும் நடக்கிறதா? படக்கதையைத் திருப்பிச் சொல்லும்போது யார், எங்கே என்பது குழம்புகிறதா? "நாயைப் பூனை துரத்தியது" என்றால், துரத்தியது எது என்று கேளுங்கள். 'ஐ' உருபைத் தவறவிடும் பிள்ளை நாயைக் காட்டும். ஒருநாள் தவறினால் பொருட்டில்லை. வாரக்கணக்கில் தொடர்ந்தால் எழுதி வையுங்கள்.

வெளியூர் ஆசிரியருக்கு ஒரு வார்த்தை: 'மறுகா' ('பிறகு') என்பது மட்டக்களப்பு வழக்கு, குறைபாடு அல்ல. 'ழ'வும் 'ற'வும் பிந்தி வரும் ஒலிகள். காதில் சீழ் வடியும் பிள்ளைக்கோ முதலில் கேள்திறன் சோதனைதான் தேவை.

இலங்கையில் பேச்சு, மொழிச் சிகிச்சைக்கான பயிற்சி களனிப் பல்கலைக்கழகத்தில் 1997இல்தான் தொடங்கியது. தமிழில் சிகிச்சை தரக்கூடியவர்கள் இன்றும் போதாது. கல்லடிப் பாலம் கடந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் தாயின் கையில், 'படிப்பில் மந்தம்' என்று எழுதிய துண்டைக் கொடுத்துவிடாதீர்கள். என்ன சொன்னீர்கள், பிள்ளை என்ன செய்தது என்று இரண்டு மூன்று நாள் நடந்ததை அப்படியே எழுதுங்கள். சிகிச்சையாளருக்கு அதுதான் உதவும். முறை வரும்வரை, ஒரு தடவையில் ஒரு வேலையைச் சொல்லுங்கள்; கேள்வி கேட்டபின், மனதுக்குள் பத்து எண்ணும்வரை பிள்ளையின் பதிலுக்குக் காத்திருங்கள்.