செம்பிலிருந்து வாஷ் பேசினுக்கு

செட்டிநாட்டின் கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ நூறு வயது கடந்த வீடொன்றில் முகம் கழுவும் அறையைத் தேடினால் கிடைக்காது. வளவு எனும் நடுமுற்றத்தின் ஓரத்துக் கருங்கல்லும் பின்கட்டுக் கிணற்றடியும்தான் அதற்கான இடம். நான்கு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் வளவில் இறங்கும் மழைநீரை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்து வைத்தார்கள். பல் விளக்கி முகம் கழுவ ஒரு செம்பு, ஏறக்குறைய ஒரு லிட்டர், போதும். சிந்திய நீர் கல்வழியே ஓடிவிடும். வெயில் ஏறும்போது கல்லும் காய்ந்துவிடும்.

பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கப்பலில் வரவழைத்து இந்த வீடுகளைக் கட்டியவர்கள் பீங்கான் தொட்டிக்குக் காசில்லாதவர்கள் அல்லர். ஈரத்தையும் எச்சிலையும் அறைக்குள் வைத்துக்கொள்வது அவர்கள் பழக்கமில்லை. ஆனால் அந்த ஒரு செம்புக்குப் பின்னால், கிணற்றில் இறைத்த கை ஒன்று உண்டு. பெரும்பாலும் பெண்ணின் கை, அல்லது வேலையாளின் கை. மூட்டு வலிக்கும் ஆச்சிகள் குனிந்து கழுவினார்கள், மழை இரவிலும் பின்கட்டு வரை நடந்தார்கள். பழமையைப் பாடுவோர் இதைச் சொல்வதில்லை.

அவர்கள் பொருளீட்டிய பர்மா 1942இல் கைவிட்டுப் போனபின் பெரிய வீடுகள் எழுவது குறைந்தது. பிறகு வந்த சிறிய வீடுகளில் குழாயும் வெள்ளைப் பேசினும் நுழைந்தன. ராணிப்பேட்டையில் பாரிவேர் பேசின் செய்த பாரி நிறுவனம், 1981இல் பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட முருகப்பா குடும்பத்தின் கைக்கு வந்தது. பாரிவேர் பின்னாளில் ஸ்பெயினின் ரோக்காவிடம் போயிற்று. பழைய வீடுகள் விடுதிகளானபோது, மணமான மகன்களுக்கென வளவைச் சுற்றிக் கட்டிய அறைகளோடு குளியலறையும் ஒட்டிக்கொண்டது.

இன்று கடையில் சுவரில் மாட்டுவது, தூண் வைத்தது, கல்மேல் கிண்ணம்போல் உட்காருவது, அலமாரியோடு வருவது எனப் பேசின்கள் வரிசையாக நிற்கின்றன. தரையோடிருந்த கழுவுமிடம் 32 அங்குலம் உயர்ந்துவிட்டது, முதுகுக்கு நிம்மதி. குழாயை ஒரு நிமிடம் திறந்துவிட்டால் ஐந்தாறு செம்புத் தண்ணீர் போய்விடும். அதை யாரும் எண்ணுவதில்லை.

கிண்ணப் பேசின் ஐந்தாறு அங்குல உயரம். அதைக் கேட்பவர்கள் அதைத் தாங்கும் கல்லை 27 அங்குலத்தில் பதிக்கச் சொல்ல வேண்டும். மறந்தால் குழந்தைக்கு எட்டாது, பெரியவருக்கு முழங்கை வழியே தண்ணீர் வழியும். பித்தளை உருளியின் அடியில் துளையிட்டுப் பேசினாக்குவது இன்னொரு மோகம். பார்க்க அழகுதான், புளி போட்டுத் துலக்க ஆளிருக்கும் வீட்டுக்கு மட்டும். அலமாரி வேண்டுமென்றால் தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டாவது இருக்கட்டும். சாதாரணப் பலகை ஈரத்தில் ஊதிவிடும், கதவு மூடிய இருட்டில் கரப்பான் குடியேறும்.

என் தேர்வு, சுவரில் பதித்த கருங்கல் பலகையும் அடியில் திறந்த இடமும். துடைத்தால் காயும், கசிவு கண்ணில் படும். வளவுக் கல்லிடம் இருந்த குணம் அதுதான். பின்சுவருக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கலாம். ஆனால் அது கண்ணாடியின்மேல் வண்ணச் சிமெண்டு ஊற்றிச் செய்வது. சுட்ட ஓடு அல்ல. உப்புக்கறை போக்க அதன்மேல் மட்டும் ஆசிட் ஊற்றிவிடாதீர்கள். நிறம் போனால் திரும்பாது.